ஒருங்கிணைப்பாளர் பெயர்

படிவத்தில் பதினேழாவது கட்டம்:
ஒருங்கிணைப்பாளர் பெயர்.
அங்கேயே நிற்கிறது கர்சர்
காலையிலிருந்து கண் சிமிட்டிக்கொண்டு.

நான் இந்த விரிவாக்க மையத்தின் தட்டச்சர்.
தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகும் வழியில்
பெயர்ப்பலகையில் பல்கலைக்கழகம்,
உள்ளே ஏழு துறை, ஒரு போர்வெல்.
அந்தப் போர்வெல்லில்தான் தொடங்கியது என்பார்கள் சிலர்.
இல்லை,
ஏரியூர்ப் பக்கத்து மாதேஸ்வரி
பையில் போட்டுக் கொண்டுவந்த
கலர் பாட்டிலில் என்பார்கள் மற்றவர்கள்.

அன்று மேசையில் இருந்தது
தலைமையிடம் அனுப்பிய மாதிரி நீர்.
அவள் கேட்டது இவ்வளவுதான்:
“சார், எங்க ஊர்த் தண்ணிய இதுல ஊத்தினா?”
தாமோதரராஜு சார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.
இளஞ்சிவப்பு
கண்ணெதிரே மஞ்சளாய் வெளுத்தது.
அவள் வாயை மூடிச் சிரிப்பதை
அதுவரை
கூச்சம் என்றுதான் நினைத்திருந்தோம்.

மறுநாள் நான்கு பாட்டில்.
அடுத்த வாரம் வராந்தா முழுக்க
பாலக்கோடு, மாரண்டஹள்ளி, பாப்பாரப்பட்டி,
மொரப்பூர் ரயிலில் வந்த இரண்டு தூக்குவாளி.
எந்தச் சுற்றறிக்கையும் நான் அடிக்கவில்லை.
அடித்திருந்தால் இத்தனை வந்திருக்காது,
இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

பெரிய சிக்கல் சாவி.
ஆய்வகம் திறப்பது பத்துக்கு,
ஏரியூர் பஸ் வந்து நிற்பது ஏழே முக்காலுக்கு.
எப்படியோ சாவி ஏரியூருக்குக் குடிபோனது.
சித்திரையில் பஸ் நேரம் மாறியதும்
தானாக இறங்கி
மொரப்பூர் ரயிலில் ஏறிக்கொண்டது.
ஒரு முறை காணாமல் போய்
இரண்டு நாள் வராந்தாவில்
வெயிலில் வைத்து நிறம் பார்த்தார்கள்.
டியூப்லைட் பொய் சொல்கிறது என்று
அப்போதுதான் தெரிந்ததாம்.
சாவி கிடைத்த பிறகும்
வெயிலில்தான் பார்க்கிறார்கள்.

சுவரில் பென்சில் எழுத்து:
‘பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசு.’
அதற்குக் கீழே வேறு கை:
‘பல் துலக்கிய கையோடு தொடாதே, பேஸ்ட்டிலும் இருக்கிறது.’
அதற்கும் கீழே, கொஞ்சம் கோபமாக:
‘நஞ்சுண்டன் மட்டும் நான்கு முறை.’
வெள்ளையடிக்க வந்தவரை
அந்தச் சுவரைத் தொடவிடவில்லை பிள்ளைகள்.
குறுக்கே நின்றவன் நஞ்சுண்டன்.

புள்ளியியல் பையன் வரைபடம் போட்டான்.
தமிழ்த்துறைப் பெண்கள் அதில்
பாதி ஊர்ப்பெயரைத் திருத்தினார்கள்.
திருத்தப் போன இடத்தில்
விட்டுப்போன பதினோரு கிணறுகள் அகப்பட்டன.
வணிகவியல் என்ன செய்தது என்று கேட்காதீர்கள்,
ரசாயனம் மட்டும் கடனில் வந்துகொண்டே இருந்தது.

தோற்ற நாளும் உண்டு.
ஒரு மலையடி ஊரில்
“இதைக் குடிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது
குடத்தை இறக்காமலே ஒருத்தி கேட்டாள்:
“வேற எத?”
திரும்பும் பஸ்ஸில் பேச்சில்லை.
மறுநாள் ஒரு பாட்டிலும் வரவில்லை.
அதற்கு மறுநாள் வந்தன,
ஊருக்கு இரண்டாக:
ஆகாத தண்ணீர் ஒன்று,
ஆகுமா என்று தேடியது இன்னொன்று.
பாடம் அங்கே திரும்பிக்கொண்டது.
பாடத்திட்டம்
மூன்று வருடம் கழித்து வந்து சேரும்.

போன மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது.
வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றது.
“யார் இதற்குத் தலைமை?” என்றது.
முதல்வர் துறைத்தலைவரைப் பார்த்தார்.
துறைத்தலைவர் தாமோதரராஜுவை,
அவர் மாதேஸ்வரியை,
அவள் சன்னல் வழியே
பஸ் நிற்கும் இடத்தை.

கட்டத்தைக் காலியாக விட்டு அழுத்தினேன்.
‘கட்டாயம் நிரப்பவும்’ என்றது கணினி.
‘பலர்’ என்று அடித்தேன். ஏற்கவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

இன்று பஸ் ஸ்டிரைக்.
ரயிலும் தாமதமாம்.
ஏழு மணிக்கு நான் வந்தபோது
என் மேசையில் சாவி.
யார் வைத்தது, எனக்கு எதற்கு என்று
விசாரித்திருக்கலாம்.

பாட்டிலை
மூன்று முறை அலசிக்கொண்டிருக்கிறேன்.